ஆள் வந்தால்தான் நிற்கும் பாட்டு

ஜோயல்,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க முடியாது. நீ பக்கத்து அறையில்தான் இருக்கிறாய். உன் கல்யாண ரிசப்ஷன் சாப்பாட்டுக்கு ஐஸ்கிரீம் போதுமா, பாயாசமும் வேண்டுமா என்று என் வருங்கால மருமகள் தீபாவிடம் போனில் கேட்டுக்கொண்டிருப்பது இங்கே எனக்குக் கேட்கிறது. கதவைத் தட்டி உள்ளே வந்து சொல்ல வேண்டியதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அதையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வாசலில் வந்து விழும் ஏரியா பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். அப்பா மானத்தை வாங்குகிறார் என்று கோபப்படாதே. நீ என்னிடம் கேட்ட கேள்வி என் ஒருவனைப் பற்றியது அல்ல. தாம்பரத்திலும் படப்பையிலும் அந்தக் கேள்விக்குச் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

போன வாரம் ஹாலில் உட்கார்ந்து பேசினோமே, அது உனக்கு மறந்திருக்காது. "ரிசப்ஷன்ல நீங்க ஸ்டேஜ் ஏறி அந்த ட்யூனை வாசிக்கணும்பா. லைவா. கொஞ்ச நேரம் நீங்க தனியா வாசிங்க, அப்புறம் பசங்க பீட்டைப் போடுவாங்க. செம மாஸா இருக்கும்" என்றாய். நான் பார்க்கலாம் என்றேன். நம் வீட்டில் பார்க்கலாம் என்றால் என்ன பொருள் என்று சின்ன வயதிலிருந்தே உனக்குத் தெரியும். நீ சிரிக்கவில்லை. "ஊரே அந்தப் பாட்டைக் கேக்குது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லாயிருக்குன்னு முகத்துல காட்டியிருக்கீங்களா? எதுக்குத்தான்பா நீங்க ஃபீல் பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாய். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன். டிவி ஓடவில்லை என்பதையே கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

பதில் சொல்கிறேன். ஆனால் என் வழியில்தான் சொல்வேன், முதல் ஸ்டேஷனிலிருந்து. நான் வேலை பார்த்தது கார் இருக்கைகள் செய்யும் கம்பெனி என்று உனக்குத் தெரியும், ஆனால் நீ ஒரு நாளும் அந்த கேட்டுக்குள் வந்தவன் இல்லை. இருக்கைகள் தலைக்கு மேலே ஓடும் சங்கிலியில் தொங்கியபடி வரும். நான் ஃபோம் மேல் உறையை இழுத்துப் போட்டு, அது நகராமல் இருக்கக் கம்பி ரிங் அடிப்பேன். எனக்கு அடுத்த ஸ்டேஷனில், அதாவது லைனில் அடுத்த ஆள் நிற்கும் இடத்தில், சேகர் தலை சாயும் பகுதியை மாட்டுவான். எல்லாருடைய தலைக்கு மேலும் ஒரு கயிறு ஓடும். உறை கிழிந்தாலோ, அளவு சேராவிட்டாலோ, கை அடிபட்டாலோ கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்ததும் லைன் நிற்கும், ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு வரும், மேலே இருக்கும் போர்டில் நம் ஸ்டேஷன் எண் எரியும். டீம் லீடர் ஓடி வருவார். வந்து பார்த்து, சரி செய்து, அவர் கையால் அதே கயிற்றை இன்னொரு முறை இழுத்தால் பாட்டு நிற்கும். இழுத்தவனே நிறுத்தக்கூடாது என்பது கண்டிப்பான விதி. முதல் இழுப்பு உதவி கேட்பதற்கு. இரண்டாவது இழுப்பு, ஆள் வந்துவிட்டது என்று சொல்வதற்கு.

ஆரம்பத்தில் எல்லா லைனுக்கும் ஒரே பாட்டு. வெளிநாட்டிலிருந்து மெஷினோடு வந்தது, பிறந்தநாள் வாழ்த்து அட்டையைத் திறந்தால் கிணுகிணுவென்று வருமே, அந்த ரகம். எந்த லைன் நின்றது என்று தெரியாமல் டீம் லீடர்கள் எல்லோரும் ஓடுவார்கள். சரி, லைனுக்கு ஒரு பாட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றது நிர்வாகம். எல்லோரும் சினிமாப் பாட்டு கேட்டார்கள். அதெல்லாம் உரிமைப் பிரச்சினை வரும், சொந்தமாக யாராவது வாசித்துக் கொடுங்கள் என்றார் எச்.ஆரில் இருந்தவர். சேகர்தான் என்னை மாட்டிவிட்டான். "சார், இந்தாண்ட வாங்க, எங்க அண்ணன் சர்ச்சுல கீபோர்டு வாசிக்கிறாரு. வூட்ல சும்மாதான் குந்திகினு கீறாரு" என்று சொல்லிவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சிட்லபாக்கத்தில் அப்போது நாம் இருந்த அந்த வாடகை வீட்டில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க அதைப் பதிவு செய்தேன். நான்கு வரிகூட வராத சின்னத் துண்டு. அதற்கு முடிவு வைக்கவில்லை. சுற்றிச் சுற்றி வர வேண்டிய பாட்டுக்கு முடிவு எதற்கு? எந்த இடத்தில் நிறுத்தினாலும் பொருந்துகிற மாதிரி செய்தேன். அதில் ஒரே ஒரு இடத்தில் ஒரு சுரம் பிசகாக விழும். திரும்பப் பதிவு செய்து தருகிறேன் என்றேன். எச்.ஆர்காரர் கேட்டுவிட்டு, "வேணாம், அந்த இடறல் இருக்கறதாலதான் காதுல விழுது" என்று எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பிசகைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

நான் செய்த ஒரே இசை அதுதான். சங்கீதம் தெரிந்தவர்கள் கச்சேரி செய்வார்கள், கேசட் போடுவார்கள். என் பாட்டை ஒவ்வொரு ஷிப்டிலும் பல நூறு பேர் கேட்டார்கள், அதுவும் ஏதாவது கெட்டுப்போனபோது மட்டும் கேட்டார்கள். அதனால் எனக்குப் பெருமை வந்ததா என்றால், வந்தது. சொல்வதற்கென்ன. தாம்பரம் பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் பின்னாலிருந்து யாராவது அதை விசில் அடிப்பார்கள், திரும்பிப் பார்ப்பேன். எந்த ஊர், என்ன ஜாதி, எந்த சர்ச் என்று கேட்க வேண்டியதில்லை. எங்கள் மூன்றாவது லைன் ஆள் என்று தெரிந்துவிடும், ஒரு டீ குடிப்போம். பேர் தெரியாதவர்களோடுகூட டீ குடித்திருக்கிறேன்.

கம்பெனி மூடிய நாளை, அந்த ட்யூனை வைத்து நீ செய்த பாட்டில் பெரிய போராட்டமாக எழுதியிருக்கிறாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசி நாள் அப்படி எதுவும் நடக்கவில்லை. போராட்டமெல்லாம் அதற்கு முன்பே நடந்து, பேச்சுவார்த்தையும் நடந்து, எல்லோரும் களைத்துப் போயிருந்தோம். கடைசி இருக்கை எங்களைக் கடந்து போனது. அதற்குப் பின்னால் வெறும் கொக்கிகள் வந்தன. நாங்கள் ரிங் கன்னைக் கையில் வைத்துக்கொண்டு அவை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிளம்புங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சேகருக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை போலிருக்கிறது, எட்டிக் கயிற்றை இழுத்துவிட்டான். பாட்டு வந்தது. டீம் லீடர் அதற்கு முன்பே ஆபீஸ் பக்கம் போய்விட்டிருந்தார். கொஞ்ச நேரம் வாசல் பக்கம் பார்த்தோம். யாரும் வரவில்லை. நாங்களே இழுத்து நிறுத்தியிருக்கலாம், இனிமேல் எங்களை யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் ஒருவனும் கையைத் தூக்கவில்லை. வழக்கமாக கேட்டில் வாங்கி வைக்கும் போனை அன்றைக்கு மட்டும் யாரும் வாங்காததால் சேகர் அதை வீடியோ எடுத்தான். அந்த வீடியோதான் பிறகு உன் கைக்கு வந்தது. அதில் பாட்டு பாதியில் முடியும், சேகர் போனை அணைத்ததால். உண்மையில் அது நிற்கவில்லை. நாங்கள் பஸ்ஸில் ஏறும்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எனக்கு என்ன ஆனது என்றுதானே கேட்கிறாய்? துக்கம் என்று சொன்னால் பொய். துக்கம் என்றால் அழலாம், நாலு பேரிடம் புலம்பலாம். எனக்கு எதுவும் வரவில்லை. கால் மரத்துப்போனால் செருப்பு கழன்றதே தெரியாமல் நாலடி நடப்போமே, அந்த மாதிரி சில வருஷங்கள் நடந்துவிட்டேன். அபார்ட்மெண்டில் மெயின்டனன்ஸ் வேலை கிடைத்தது, போகிறேன். லிஃப்ட் நின்றால் ஓட வைக்கிறேன், மோட்டார் ஓடினால் நிறுத்துகிறேன். சர்ச்சில் கீபோர்டு வாசிப்பதை முட்டிவலி என்று சொல்லி நிறுத்திவிட்டேன். கீபோர்டு வாசிக்க முட்டி எதற்கு என்று ஆயர் கேட்கவில்லை, நல்ல மனிதர். கீபோர்டைப் பெட்ஷீட்டில் சுற்றி பீரோ மேல் வைத்தேன். உன் அம்மா கொஞ்ச நாள் கழித்துச் சொன்னாள், "அதை பீரோ மேல வெச்சீங்க சரி, நீங்களே பீரோ மாதிரி ஆயிட்டீங்களே" என்று. நான் சிரித்தேன். சிரிப்பு வந்ததால் அல்ல, அந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரிந்ததால்.

ஒரு முறை மீன் வாங்கக் கோவளம் போயிருந்தேன். ஏலக் கூச்சலுக்கு நடுவே யாரோ என் பாட்டை விசில் அடித்தார்கள். திரும்பினேன். என் வயதுக்காரர் ஒருவர் ஐஸ்பெட்டி பக்கத்தில் நின்றிருந்தார். அவரும் பார்த்தார். முகம் தெரிந்த முகம்தான், பேர் தெரியாது. முன்பென்றால் டீ குடித்திருப்போம். அவர் தலையை ஆட்டினார், நானும் ஆட்டினேன். வஞ்சிரம் விலை அதிகம், சங்கரா வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சென்னை வளர்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். வளரட்டும். படப்பைக்கு அந்தப் பக்கம் எங்கள் கம்பெனியை நம்பி எழும்பிய தெருக்களை நீயும்தான் பார்த்தாய். மாடிக்கு மாடி பசங்கள் தங்கியிருந்த வீடுகளில் இப்போது வாடகைக்கு என்று எழுதின போர்டுகூட வெயிலில் வெளுத்துவிட்டது. மெஸ் இருந்த இடத்தில் நாய் படுத்திருக்கிறது. நீ அதைத்தான் வீடியோவில் எடுத்து, உன் சிநேகிதர்களை நிற்க வைத்து, எங்கள் யூனிஃபார்ம் நிறத்திலேயே சட்டை தைத்துப் போட்டு, "ஷிப்ட்டு முட்ச்சி நிக்கிறோம், வூட்டுக்கு இன்னும் போவல" என்று பாட வைத்தாய். அந்தப் பாட்டு என்னவாயிற்று என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலேஜ் பஸ்ஸில் கேட்கிறது, மீன் வண்டியில் கேட்கிறது. தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகிற பசங்களைப் பார்த்தேன். முதுகில் லைன் மூன்று என்று எழுதியிருந்தது. நான் அவர்களுக்கு வழி விட்டேன்.

நீ முதலில் என்னிடம் போட்டுக் காட்டியபோது நல்லாயிருக்கு என்றேன். நல்லாயிருக்கு என்று அறிவுக்குத் தெரிந்தது, மனதுக்கு எதுவும் தோன்றவில்லை. உன் பாட்டின் குறை அல்ல அது. நீ இட்லி கொடுத்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். சேகருக்கு வேறு பிரச்சினை. அவன் இப்போது தாம்பரம் படப்பை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஒரு நாள் நானும் ஏறினேன். பின்னால் உட்கார்ந்த காலேஜ் பையன் உன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். சேகர் கண்ணாடியில் பார்த்து, "தம்பி, அத்த மட்டும் பாடாதப்பா. கை தானா பிரேக்குக்குப் போவுது" என்றான். பையன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். சேகர் சிரிக்கவில்லை.

எல்லாம் இப்படியே போயிருக்கும், போன மாதம் படப்பையில் அந்தக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருந்தால். எங்கள் லைனில் கடைசி ஸ்டேஷனில் இருந்தவரின் மகள் கல்யாணம். பழைய ஆட்கள் ஒரே வரிசையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தோம். பிரியாணி போட்டிருந்தார்கள். மேடைப் பக்கம் பசங்கள் கேட்டார்கள் என்று உன் பாட்டைப் போட்டார்கள். அங்கே ஒரே கூச்சல், ஆட்டம். இங்கே எங்கள் வரிசையில் என்ன நடந்தது தெரியுமா? எல்லாருடைய கையும் இலை மேல் அப்படியே நின்றுவிட்டது. வாய்க்குப் போன கவளம் பாதி வழியில் நின்றது. அத்தனை தலையும் ஒரே நேரத்தில் மேலே நிமிர்ந்தது, எந்த ஸ்டேஷன் என்று போர்டைப் பார்க்க. மேலே கல்யாண மண்டபத்துச் சரவிளக்குதான் இருந்தது. பரிமாற வந்தவன் பயந்துபோய் வாளியோடு நின்றான்.

அந்தப் பிசகு வர வேண்டிய இடம் வந்தது. பிசகு வரவில்லை. சுரம் சரியாக, சுத்தமாக விழுந்தது. அதுவரை உன் பாட்டை எத்தனை முறை கேட்டும் நான் கவனிக்காதது அது. சேகர்தான் முதலில் தலையைக் குனிந்தான். "நம்ம லைன் இல்லண்ணா" என்றான், "சாப்டுங்க." எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். நானும் சாப்பிட்டேன், இன்னும் கொஞ்சம் வெங்காயப் பச்சடி கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் தெரிந்தது, எனக்குக் கோபம் வந்திருக்கிறது. கம்பெனி மூடியபோது வராத கோபம். அந்த ஒரு சுரத்துக்காக. எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்கு என்று ஒன்று வந்திருக்கிறது என்று குழாயை மூடாமல் நின்றேன். அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருந்தால் நீ போன வாரம் அப்படிக் கேட்டிருக்க மாட்டாய்.

சேகர் வீடியோவிலிருந்து நீ அந்த ட்யூனைக் காதால் கேட்டு கம்ப்யூட்டரில் திரும்ப வாசித்திருக்கிறாய். பிசகு அந்த போனின் கோளாறு, அல்லது உன் அப்பாவின் கோளாறு என்று நினைத்துத் திருத்தியிருக்கிறாய். நான் பெற்ற பிள்ளை, திருத்தாமல் இருப்பாயா? ஆனால் அது போனுடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா சமையலில் இருந்தாள். உன்னை மடியில் வைத்துக்கொண்டுதான் வாசித்தேன். கீழே விட்டால் அழுவாய். நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, கடைசியில் கையை நீட்டி ஒரு கட்டையைத் தட்டினாய். அந்தச் சுரம் நீ. உனக்குப் பேச்சு வராத வயதிலேயே மூன்றாவது லைன் முழுக்க உன்னைத் தெரியும். அந்த கேட்டுக்குள் நீ வந்ததே இல்லை என்று மேலே எழுதினேன், அது சரியில்லை. பாட்டில் நீ "நாங்க" என்று பாடும்போது, இவன் யார் எங்களில் ஒருவன் என்று சொல்ல, என்று எனக்குள் ஒரு முணுமுணுப்பு இருந்தது. அதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கல்யாணம் செய்துகொள்கிற மகனுக்கு அப்பா புத்தி சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். எனக்குத் தெரிந்தது கயிறு மட்டும்தான். புதிதாக வேலைக்கு வரும் பசங்கள் கயிற்றை இழுக்கவே மாட்டார்கள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று வெட்கம். கிழிந்த உறையை அப்படியே அடுத்தவனுக்குத் தள்ளிவிடுவார்கள். அது நாலு ஸ்டேஷன் தாண்டிப் போய் பெரிய பேஜாராகும். நாங்கள் அவர்களுக்குச் சொல்வோம், இழு, திட்டமாட்டார்கள், அதற்குத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று. எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்த நான், வேலை போய் வீட்டுக்கு வந்த பிறகு இழுக்கவில்லை. உன் அம்மா பக்கத்து ஸ்டேஷனில்தான் இருந்தாள், சாப்பிட வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டு. ஒன்றுமில்லை, நல்லாயிருக்கேன் என்றே தள்ளிவிட்டேன். வீட்டுக்குள் கயிறு தொங்காது, தம்பி. வாயால்தான் சொல்ல வேண்டும். தீபா கேட்டால் பார்க்கலாம் என்று சொல்லாதே. அவளுக்கும் இதைச் சொல்லிவை, அவள் இழுத்தால் நீ கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போ.

நேற்று நீ ஆபீஸ் போன பிறகு ஸ்டூல் போட்டு ஏறி பீரோ மேலிருந்து கீபோர்டை இறக்கினேன். உன் அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். பெட்ஷீட்டை உதறித் துவைக்கப் போட்டுவிட்டாள். சில கட்டைகள் அழுத்தினால் மேலே வர யோசிக்கின்றன. எனக்கும் விரல் அப்படித்தான் இருக்கிறது. வாசித்துப் பார்த்தேன். பெரிதாக எதுவும் தோன்றியது என்று உன்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிசகு இடம் வந்ததும் விரல் அதைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டு மூன்று முறை பார்த்தேன். என்னால் அதைத் தப்பாக அடிக்க முடியவில்லை.

ஆகவே ரிசப்ஷனுக்கு என் பதில் இதுதான், பார்க்கலாம் இல்லை. நான் மேடை ஏறுகிறேன். உன் பசங்களிடம் சொல்லிவிடு, பீட்டைப் போட அவசரப்பட வேண்டாம். சேகரும் மற்றவர்களும் முன்வரிசையில் இருப்பார்கள், மேலே பார்ப்பார்கள், அவர்களைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். நான் வாசிக்க ஆரம்பிப்பேன். அந்த ஒரு இடம் வரும்போது ஒவ்வொரு சுற்றிலும் காலியாக விடுவேன். பாட்டுக்கு முடிவு கிடையாது, நானாக நிறுத்தவும் மாட்டேன், விதி உனக்குத் தெரியும். மாலையோடு இருந்தாலும் சரி, கோட்டு கசங்கினாலும் சரி, நீ எழுந்து வந்து அந்தக் கட்டையைத் தட்டு. நான் கயிற்றை இழுத்துவிட்டேன், ஜோயல். நீ வருகிற வரைக்கும் வாசித்துக்கொண்டிருப்பேன்.

பக்கத்து அறையிலிருந்து,
அப்பா